மாப்பிள்ளை அறையில் கந்தகம்

பரீனாவின் வீட்டு வாசலில் ஓட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டபோது, நான் அவளுடைய கலியாண அறைக்குள் ஒரு கந்தக மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

நல்ல உச்சி வெயில் நேரம். வெளியே கிண்ணியா ரோட்டின் தார் இளகிக்கொண்டிருந்தது. அறைக்குள் மட்டும் நுவரெலியா மலைக் குளிர். புதுக் கட்டில். மெத்தையின் மேலிருந்த கடைப் பொலித்தீனைக்கூட இன்னும் கழற்றவில்லை. வார்னிஷ் மணம் மூக்கில் ஏறியது. அலுமாரியில் ஆளுயரக் கண்ணாடி. அதற்குள் நானும் மூட்டையும் படம் பிடிக்க நிற்கிற சோடியைப் போலத் தெரிந்தோம். கட்டிலைச் சுற்றிலும், சுவரோரமாகவும், அலுமாரிக்குப் பக்கத்திலும் இன்னும் மூட்டைகள் நின்றன.

பரீனாவின் உம்மா ஜன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். பார்த்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"புள்ள, மாப்பிள்ளட உம்மா வந்துட்டா."

"நாளைக்கெண்டுதானே சொன்னவ?" என்றாள் பரீனா.

"நாளைக்கெண்டவ இண்டைக்கே வந்து இறங்கிறா. ரெண்டு மகள்மாரும் கூட வாறாங்க."

"இந்த மூட்டையை நான் எங்க வைக்கிறது?" என்று நான் கேட்டேன். 

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். கலியாண அறைக்குள் கந்தகத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். போன வாரம் இந்தப் பத்தியில் டயர்க் கதை எழுதியதற்கு நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி, "றப்பர் போதும் தங்கச்சி, இனி மனிசரைப் பற்றி எழுதுங்கோ" என்று ஆள்விட்டுச் சொல்லியனுப்பியிருந்தார். அக்கா, இந்த வாரம் முழுக்க மனிசர்தான். ஆனால் கந்தகத்தைச் சொல்லாமல் இந்த மனிசரைச் சொல்ல ஏலாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

றப்பர் பூத்த கதை

திருகோணமலைச் சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டிப் போனால், தகரக் கூரை போட்ட சின்னத் தொழிற்சாலை ஒன்று வரும். எங்களுடையது. எங்களுடையது என்றால் யோகண்ணையுடையது. அவர் முதலாளி. நான் அங்கே இரசாயனம் பார்க்கிறவள். எந்தக் கலவையில் எது எவ்வளவு போக வேண்டும் என்பது என் பொறுப்பு. இரசாயனத்தில் பட்டம் எடுத்த மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்காமல், உடம்பெல்லாம் றப்பர் மணக்க வீட்டுக்கு வருவது என் அம்மாவுக்கு இன்றுவரை மனக்குறைதான். "உன்னைப் பெண் பார்க்க வாறவை மூக்கைப் பொத்திக்கொண்டு வரவேணும்" என்பார். நான் சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். அந்த மணம் எனக்குப் பிடிக்கும்.

தேய்ந்த டயருக்குப் புது றப்பர் ஒட்டிக் கொடுப்பதுதான் எங்கள் அன்றாடப் பிழைப்பு. அப்படியிருக்க, துறைமுகத்தில் ஓடும் ஓர் இழுவைப் படகுக்குப் பென்டர் செய்து தரச் சொல்லி வேலை வந்தது. பென்டர் என்பது தடித்த றப்பர் உருளை. படகு கப்பலோடோ இறங்குதுறையோடோ முட்டும்போது நடுவில் நின்று அடி வாங்குவது அதுதான். யோகண்ணை யோசிக்காமல் ஓம் என்று சொல்லிவிட்டார். அவர் எப்போதும் ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் யோசிப்பார்.

பென்டர் செய்வது பாய் சுருட்டுவதைப் போல. வேகாத றப்பரை மெல்லிய தகடாக உருட்டி எடுத்து, ஓர் இரும்புக் குழாயைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். பச்சை றப்பருக்கு இயல்பாகவே ஓர் ஒட்டும் தன்மை உண்டு. அந்தப் பிடிப்பில்தான் தகடுக்கு மேல் தகடு நிற்கும். முழுதும் சுற்றியபின் நீராவி அறைக்குள் வைத்து வேகவிட்டால், றப்பருக்குள் கலந்திருக்கும் கந்தகம் எல்லாத் தகடுகளையும் ஒன்றாகக் கட்டி இறுக்கிவிடும்.

சுற்றும் வேலையைப் பொறுப்பெடுத்தவள் பரீனா. கிண்ணியாப் பெண். என்னைவிட இரண்டொரு வயது இளையவள். அவளும் இன்னும் மூன்று பெண்களும் குழாயின் இரண்டு பக்கமும் நின்று, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி, இடையில் காற்று நிற்காமல் சுற்றுவார்கள். பார்க்க லேசு. நான் ஒரு நாள் கை வைத்துப் பார்த்து, தோள் வலியோடு வீட்டுக்குப் போனேன்.

முதல் பென்டரைச் சாதாரணக் கந்தகம் போட்டுத்தான் செய்தோம். பாதி சுற்றிவிட்டுப் பொழுதுபட்டதும் மூடிவைத்துவிட்டுப் போனோம். மறுநாள் காலை வந்து பார்த்தால், கறுப்புத் தகடெல்லாம் மா பூசியதைப் போல வெளிறிக் கிடந்தது. தொட்டால் விரலில் மஞ்சள் தூள்.

"சுபாக்கா, இது பூத்துப் போச்சு" என்றாள் பரீனா.

எங்கள் வேலையில் அதற்கு அதுதான் பெயர். சூடான தேநீரில் சீனி கரைவதைப் போல, சூடான றப்பரில் சாதாரணக் கந்தகம் கரைந்துவிடும். றப்பர் ஆறியதும், தாங்க முடியாத மிச்சக் கந்தகம் மெல்ல மெல்ல மேலே வந்து தூளாகப் படியும். தூள் படிந்த இடத்தில் அடுத்த தகடு ஒட்டாது. பெற்றோல் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து ஒட்டப் பார்த்தோம். எல்லாருக்கும் தலையிடி வந்ததுதான் மிச்சம். வேகவைத்து எடுத்து வெட்டிப் பார்த்தபோது, அந்தப் பென்டர் நனைந்த கொப்பித் தாள்களைப் போலத் தகடு தகடாகப் பிரிந்தது. பரீனா அன்று மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

குளிர் கேட்கும் சாமான்

இதற்கு மருந்து எனக்குத் தெரியும். கரையாத கந்தகம் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் கந்தகம்தான். ஆனால் அதன் அணுக்கள் நீண்ட சங்கிலிகளாகக் கோர்த்துக்கொண்டு நிற்கும். ஆகவே றப்பரில் கரையாது. போட்ட இடத்தில் போட்டபடி குறுணியாகக் கிடக்கும். மேலே ஏறி வராது, பூக்காது. நீராவி அறையின் சூட்டில்தான் சங்கிலி அறுந்து சாதாரணக் கந்தகமாகி, செய்ய வேண்டிய வேலையைச் செய்யும். பெரிய டயர்த் தொழிற்சாலைகள் இது இல்லாமல் ஓர் அடி நகராது.

யோகண்ணையிடம் சொன்னேன். கொழும்பு வழியாகக் கடல் கடந்து அது வந்து சேர நெடுநாள் எடுத்தது. வந்த பிறகுதான் அதன் குணத்தை முழுதாகச் சொன்னேன்.

"அண்ணை, இதுக்கு வெக்கை ஆகாது. சூட்டில கன நாள் கிடந்தால், தானாகவே சாதாரணக் கந்தகமா மாறிப்போடும்."

"அப்ப எங்க வைக்கிறது?"

நான் அவருடைய அறையைப் பார்த்தேன். தொழிற்சாலையில் ஏசி பூட்டிய இடம் அது ஒன்றுதான். யோகண்ணையும் தன் அறையைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, தன் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்துக்குக் கீழே போட்டுக்கொண்டார். கந்தகம் ஏசியில் இருக்க, முதலாளி மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு எறும்பு தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கட முதலாளியக் கதிரையால எழுப்பின ஒரே ஆள் இதுதான்" என்று பரீனா அந்த மூட்டைகளுக்குத் தினமும் சலாம் சொல்லிவிட்டு வேலை தொடங்குவாள்.

புதுக் கந்தகத்தில் உருட்டிய தகடு இரவு முழுக்கக் கிடந்தும் கறுப்பாகவே இருந்தது. காலையில் பரீனா அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஒட்டியது. கன்னத்தில் கறுப்பு அப்பிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு கச்சான் காற்றுக் காலம் வந்தது. எங்கள் பக்கத்துக் கச்சானை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அடுப்பு வாயைத் திறந்துவிட்டதைப் போல ஒரு காற்று, நாள் முழுக்க வீசும். அந்த நேரம் பார்த்துத்தான் யோகண்ணையின் ஏசி புகைந்து நின்றது. பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று திருத்துகிறவர் கையை விரித்தார். தகரக் கூரைக்குக் கீழே மூட்டைகள். இன்னும் பாதிப் பென்டர்கள் சுற்றக் கிடக்கின்றன.

குளிர் தேடி ஊரெல்லாம் அலைந்தோம். வெந்நீர்க் கிணறுகளுக்குப் பெயர் போன மாவட்டத்தில் குளிர் தேடினால் எங்கே கிடைக்கும்? ஐஸ் தொழிற்சாலைக்குப் போகலாம் என்றார் யோகண்ணை. ஏலாது என்றேன். அங்கே குளிர் உண்டாக்க அமோனியா ஓடும். அமோனியா பட்டால் இந்தக் கந்தகம் வெக்கையைவிட வேகமாகக் குணம் மாறிவிடும். கடற்கரை விடுதி ஒன்றில் ஓர் அறை கேட்டோம். எத்தனை பேர் தங்குவீர்கள் என்று கேட்டார்கள். ஆள் இல்லை, கந்தகம் என்றோம். அந்த முகாமையாளர் வாசல்வரைக்கும் வந்து எங்களை வழியனுப்பி, நாங்கள் எங்கள் வான் வண்டியில் ஏறும்வரை நின்று உறுதி செய்துகொண்டார்.

வேப்பமரத்துக்குக் கீழே எல்லாரும் வாடிப்போய் இருந்தபோதுதான் பரீனா வாயைத் திறந்தாள்.

"எங்கட வீட்ட ஒரு ஏசி அறை இரிக்கி, சுபாக்கா."

"வாப்பா ஏசி போட்டுட்டாரோ?"

"எனக்கில்ல. வாற மாப்பிள்ளைக்கு."

பெண்ணின் வீடு

கிழக்கில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெண் பிறந்தவுடனேயே வாப்பா வீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். பரீனாவின் வாப்பா வயல் செய்கிறவர். நல்லாய் விளைந்த போகத்தில் ஒரு சுவர் எழும்பும். விளையாத போகத்தில் சுவரில் பாசி பிடிக்கும். அப்படிப் பரீனா வளர வளர அந்த வீடும் வளர்ந்தது. கடைசியாக மாப்பிள்ளை அறை. நிலத்துக்கு மாபிள் பதித்து, ஏசி பூட்டி, கட்டிலும் அலுமாரியும் போட்டாயிற்று. மாப்பிள்ளை படகு இயந்திரம் திருத்துகிற, வாய் பேசாத நல்ல பிள்ளை. கலியாணத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான்.

ஒன்றே ஒன்றுதான் தீராமல் கிடந்தது. கலியாணத்துக்குப் பிறகு பரீனா வேலைக்குப் போகலாமா என்று இவர்கள் பக்கத்தில் கேட்டபோது, மாப்பிள்ளையின் உம்மா, "பிறகு பாப்பம்" என்று சொல்லியிருந்தார்.

இந்த "பிறகு பாப்பம்" என்ற கதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இல்லை என்று சொன்னால் சண்டை பிடிக்கலாம். ஓம் என்றால் சந்தோசப்படலாம். "பிறகு பாப்பம்" என்பவரை என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லோடு வீட்டுக்குள் போன பல பெண்கள் வெளியே வரவில்லை. பரீனா அதைப் பற்றி என்னோடு அதிகம் கதைக்க மாட்டாள். பென்டரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது சட்டென்று, "சுபாக்கா, நான் இல்லாட்டி இதை ஆரு சுத்துவா?" என்று கேட்பாள். "ஆரும் இல்லை" என்பேன். அது உண்மை. அவள் போய்விடுவாள் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வேலைக்காக மட்டும் இல்லை. அந்தத் தொழிற்சாலையில் எனக்கு வாய்த்த சிநேகிதி அவள்.

மூட்டைகளைப் பாயால் மூடி, வானில் ஏற்றி, கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோனோம். வாப்பா பெருந்தன்மையாகக் கதவைத் திறந்துவிட்டார். உம்மாவுக்குத்தான் முகம் சரியில்லை. புது அறைக்குச் சாம்பிராணி போட அவர் தட்டோடு வந்து நின்றார்.

"உம்மா, அந்தத் தணலோட உள்ள வராதீங்க" என்று பரீனா பாய்ந்து மறித்தாள். "இது நெருப்புப் பிடிக்கிற சாமான்."

"கலியாண அறைக்குச் சாம்பிராணி போடக் கூடாதெண்டு சொல்ற பொண்ண நான் இப்பதான் பாக்கிறன்" என்று முணுமுணுத்துக்கொண்டு உம்மா தட்டைக் குசினிக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

அதன் பிறகு, தேவைப்படுகிற நாளில் நான் வானில் வந்து ஒரு மூட்டையை எடுத்துப் போவேன். அப்படி எடுக்க வந்த ஒரு நாளில்தான் அந்த ஓட்டோ வந்து நின்றது.

"வெளிநாட்டு மா"

மாப்பிள்ளையின் உம்மா உயரமானவர். கறுப்புக் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி நேரே அறைக்குத்தான் வந்தார். கலியாணத்துக்கு முன்னர் அறை பார்க்க வருவது அவர்கள் வழக்கம். உள்ளே இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். மகள்மார் இருவரும் அவருக்குப் பின்னால், திறந்த கதவடியில் நின்றார்கள்.

அவருடைய கண் கட்டிலுக்குப் போனது. கட்டிலிலிருந்து மூட்டைகளுக்குப் போனது. மூட்டைகளிலிருந்து, ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்த என்னிடம் வந்து நின்றது.

"இதென்ன?"

"மா" என்றார் பரீனாவின் உம்மா. நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். உம்மா பின்வாங்கவில்லை. "கலியாணத்துக்கு மா வாங்கி அடுக்கியிரிக்கி."

"இவ்வளவு மாவா? திருகோணமல முழுக்க ரொட்டி சுடப் போறீங்களா?"

மாப்பிள்ளையின் உம்மா குனிந்து ஒரு மூட்டையை விரலால் அமுக்கினார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார்.

"மா இப்பிடி மணக்காதே."

"இது வெளிநாட்டு மா" என்றார் உம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். மூட்டை குலுங்கியது. பரீனா சிரிக்கவில்லை. அவள் முகம் வெளிறியிருந்தது. உம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, முன்னால் வந்தாள்.

"மாமி, இது மா இல்ல. கந்தகம். நான் வேல செய்யிற இடத்துச் சாமான்."

கதவடியில் நின்ற மூத்த மகள் ஓர் அடி பின்னால் போனார். "வெடிக்குமா?"

"நெருப்பு வச்சா எரியும். சும்மா வெடிக்காது" என்றேன் நான்.

மாமி என்னைப் பார்க்கவே இல்லை. "வேலச் சாமானக் கலியாண அறைக்குள்ள ஏன் வச்சிரிக்கிறீங்க?" என்று பரீனாவைக் கேட்டார்.

"அங்க ஏசி பழுதாப் போச்சு மாமி. இது வெக்கையில கெட்டுப் போயிரும். கெட்டுப்போனா நான் சுத்திற றப்பர் ஒண்டோடொண்டு ஒட்டாது."

"உங்கட முதலாளி கேட்டாரா இந்த அறைய?"

"இல்ல. நான்தான் வைக்கச் சொன்னன்."

"ஏன்?"

"நான் சுத்தினது ஒருக்காப் பிரிஞ்சு போச்சு மாமி. அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல. இன்னொருக்காப் பிரிய விடமாட்டன்."

 இத்தோடு நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தட்டும், போதும் என்றுகூட மனதுக்குள் கெஞ்சினேன். கலியாணத்துக்கு நாள் குறித்த வீட்டில், மாப்பிள்ளையின் உம்மா வாசலுக்குள் நிற்கும்போது, எந்தப் பெண்ணும் இதற்கு மேல் கதைக்க மாட்டாள்.

"இன்னொண்டையும் சொல்லிப்போடுறன், மாமி" என்றாள் பரீனா. "கலியாணம் முடிஞ்ச பிறகும் நான் இந்த வேலைக்குப் போவன். நீங்க பிறகு பாப்பம் எண்டு சொன்னீங்களாம். எனக்கு அது விளங்கல்ல. அதுதான் இப்பவே சொல்றன்."

உம்மா சுவரில் சாய்ந்துவிட்டார். குசினிப் பக்கம் ஏதோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டும் ஒருவரும் அசையவில்லை. என் கைகளில் மூட்டை கனத்தது. கீழே வைக்கவும் பயமாக இருந்தது. பரீனா நெற்றி வியர்க்க, மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

 மாமி பரீனாவைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து ஏசியைப் பார்த்தார். திரும்பிக் கதவைப் பார்த்தார். அங்கே மகள்மார் இருவரும் உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நிற்க, வெளி வெக்கை குபுகுபுவென்று அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் என்னத்துக்கு வாசல்ல நிக்கிறீங்க?" என்றார். "உள்ள வந்து கதவச் சாத்துங்க."

"உம்மா, கந்தகம்…" என்று இளையவர் இழுத்தார்.

"நெருப்பு வச்சாத்தானாம் எரியும். நீங்க குளிரெல்லாத்தையும் வெளிய விடுறீங்க. கலியாணம் முடிச்சு, நம்மட மருமகள் வேலைக்குப் போய், சாமான் கெட்டுப் போச்செண்டு அங்க தலையக் குனிஞ்சுகொண்டு நிக்கிறதா?"

சொல்லிவிட்டு, பொலித்தீன் சரசரக்கக் கட்டிலில் போய் அமர்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

மகள்மார் இரண்டு பேரும் மலைத்துப்போய் உள்ளே வந்தார்கள். கதவைச் சாத்த அவர்களுக்குத் தோன்றவில்லை. பரீனா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டுக் கதவடிக்கு ஓடினேன். என் வாழ்நாளில் எத்தனையோ கதவுகளைச் சாத்தியிருக்கிறேன். அவ்வளவு சந்தோசமாக ஒன்றையும் சாத்தியதில்லை.